படுத்தால் சரியாகிற தலைவலி

நோயாளியாக இருப்பதும் ஓர் உத்தியோகம்தான். பார்க்க வருகிற ஒவ்வொருவரும் நமக்கு மேலதிகாரி என்பது வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரியும். வந்தவர்களுக்கெல்லாம் முதலிலிருந்து விளக்க வேண்டும். விளக்கி முடித்ததும் அவர்கள் நம்மை நம்புவதா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்வார்கள். இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, மின்விசிறியைப் பார்த்தபடி இதைப் படிக்கிற சக ஊழியர்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. மற்றவர்களுக்காக ஒரே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

மூளையையும் முதுகுத்தண்டையும் சுற்றி ஒரு நீர் இருக்கிறது. அது ஓர் உறைக்குள் இருக்கிறது. என் உறையில், நடுமுதுகுப் பக்கம், எப்படியோ ஒரு சின்னக் கீறல் விழுந்து நீர் கசிந்துகொண்டே இருந்தது. எழுந்து நின்றால் மூளையைத் தாங்கத் தண்ணீர் போதாது. பின்மண்டையை யாரோ தோள்பட்டைக்குள் இழுத்து அமுக்குவது போல வலிக்கும். படுத்தால் கொஞ்ச நேரத்தில் வலி போயே போய்விடும். என் ரத்தத்தையே எடுத்து முதுகில் செலுத்தி அடைத்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை. கடைசியில் முதுகில் சின்னதாக ஒரு துளை போட்டு, குழாய் வழியாகக் கீறலைத் தைத்து, மேலே பசையும் வைத்து ஒட்டினார்கள். ஆறு வாரம் குனியக் கூடாது, உடம்பை முறுக்கக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்த ஆறு வாரம் முடிவதற்குள் எம்.ஏ. பொருளாதாரத்தின் கடைசிப் பரீட்சையான வைவா வருகிறது. விட்டால் அடுத்த வருஷம்தான். நான் விடுவதாக இல்லை. கதை அவ்வளவுதான். குறுக்கே வந்தவர்கள்தான் நிறையப் பேர்.

விடுப்பு விண்ணப்பம்

இது ஆபரேஷனுக்கு முன்னால் நடந்தது. மலைக்கோட்டை அடிவாரத்து ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றபடியே புடவை விரித்துக் காட்டுகிற பெண்களைப் பற்றித்தான் என் ஆய்வு. அவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இருக்கை எங்கே என்று கடை கடையாகக் கேட்டுக்கொண்டு அலைந்த நாட்களில்தான் எனக்கும் நிற்க முடியாமல் போனது. டாக்டர் ஒருவர் ஒற்றைத் தலைவலி என்றார். இன்னொருவர் "படிக்கிற பொண்ணு, டென்ஷன்" என்றார். நான் வகுப்பில் கடைசி பெஞ்சில் படுத்துக்கொண்டு பாடம் கேட்க ஆரம்பித்தேன்.

எங்கள் துறைத் தலைவி மேடத்துக்கு அது பிடிக்கவில்லை. அவர் உள்ளே வந்தால் பேப்பர் வெயிட் கூட எழுந்து நிற்கும் என்று காலேஜில் பேச்சு. மருத்துவ விடுப்புக் கேட்டு அவர் மேஜை முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நின்றால் வரும், படுத்தால் போய்விடும் என்று விளக்கினேன். மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, எனக்கும்தான் படுத்தா எல்லா வலியும் சரியாயிடும். அதுக்காக நான் படுத்துக்கறேனா?"

தில்லை நகரிலிருந்து ஒரு பயணம்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அன்று அப்பா ஒரு கார் பிடித்தார். தில்லை நகரிலிருந்து ஸ்ரீரங்கம் எவ்வளவு தூரம், கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடலாம். ஆனால் அப்பா முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு சாலையில் தெரிகிற ஒவ்வொரு மேட்டையும் டிரைவருக்கு அறிவித்தார். "தம்பி, ஸ்பீட் பிரேக்கர். தம்பி, பள்ளம். தம்பி, அங்க ஒரு பசு." டிரைவர் பொறுமைசாலி. சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது சைக்கிளில் போன ஒரு பெரியவர் எங்களை முந்திக்கொண்டு, திரும்பிப் பார்த்து அனுதாபத்தோடு தலையை ஆட்டினார்.

காவேரிப் பாலத்தில் ஏறியதும் அப்பா பெருமாளை அழைக்க ஆரம்பித்தார். பாலத்து இணைப்பு ஒவ்வொன்றிலும் கார் எறும்பு மாதிரி ஏறி இறங்கியது. பின்சீட்டில் படுத்திருந்த எனக்கு ஆகாயம் மட்டும்தான் தெரிந்தது. காதில் பின்னாலிருந்து வரும் ஹாரன் சத்தம். பஸ் ஹாரன், லாரி ஹாரன், அதற்கப்புறம் ஊ... ஊ... என்று ஒன்று. டிரைவர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் பணிவாகக் கேட்டார். "சார், பின்னாடி ஆம்புலன்ஸே நமக்கு ஹாரன் அடிக்குதுங்க. உங்க பொண்ணை அதுலயே மாத்தி விட்டுடலாமா?"

எதிர் ஃப்ளாட்டின் தொழில்நுட்ப ஆலோசனை

எதிர் ஃப்ளாட் செல்வராஜ் அங்கிள் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் எதுவும் கசியலாம், எதையும் அடைக்கலாம் என்பது அவர் கொள்கை. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வராமல், நேராகக் கேள்வியோடு வந்தார். "எந்த இடத்துல பாப்பா லீக்கு? ஜாயின்ட்லயா, பாடியிலயா?" பாடியில்தான் அங்கிள் என்றேன். தையல் போட்டு மேலே பசை வைத்தார்கள் என்றதும் முகம் கொஞ்சம் தெளிந்தது. "பசை காயற வரைக்கும் லைன்ல தண்ணி விடாம நிறுத்தி வெச்சாங்களா?" அதை எப்படி அங்கிள் நிறுத்துவது, அது மூளைக்குப் போகிற லைன் என்றேன். அவர் நம்பவில்லை. ஓடுகிற லைனில் வேலை பார்த்தால் ஒட்டு நிற்காது என்று அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டார். அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அங்கிள், டாக்டர் மைக்ராஸ்கோப் வெச்சுப் பார்த்திருக்கார். மயக்கத்துல இருந்த எனக்கு மெஷினாலயே மூச்சை அடக்கிப் பிடிக்க வெச்சு, கசியலன்னு உறுதி பண்ணிட்டுத்தான் மூடினார்" என்று எனக்குத் தெரிந்த மருத்துவத்தையெல்லாம் இறக்கினேன். அவர் கதவு வரை போய்த் திரும்பி நின்றார். "எல்லாம் சரிதான் பாப்பா. ஆனா ஒட்டினவனே செக் பண்ணி ஓகே சொன்னா, எங்க பட்டறையில வண்டியை வெளிய விட மாட்டோம்."

சேவித்தல்

எங்கள் வீடுகளில் பெரியவர்கள் வந்தால் விழுந்து சேவிக்க வேண்டும். ஆண்கள் என்றால் நெடுஞ்சாண்கிடையாக, உடம்பு முழுக்கத் தரையில் பட. பெண்கள் என்றால் மண்டி போட்டு, குனிந்து, நெற்றி தரையில் பட. இந்தக் குனிவதுதான் எனக்குத் தடை. கும்பகோணத்திலிருந்து அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணாவும் அவர் மனைவியும் பெருமாள் சேவித்துவிட்டு, கையோடு என்னையும் பார்த்துவிட்டுப் போக வந்தார்கள். அப்பா விழுந்தார். அம்மா விழுந்தாள். பழக்க தோஷத்தில் "வகுளா, மாமா மாமியைச் சேவிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, நீ வேண்டாம். மனசால சேவிச்சுக்கோ, போறும்."

"மனசாலயா?" என்றாள் மாமி. "எனக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சு போயாச்சு. இன்னிக்கும் யார் வந்தாலும் விழுந்து சேவிச்சுண்டுதான் இருக்கேன். இந்தக் காலத்துப் பொண்களுக்கு ஒரு தலைவலி வந்தா போறும்." நான் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தேன். சண்டைக்கு வந்தால் சும்மா விடுகிற ஜாதி இல்லை நான். "மாமி, டாக்டர் குனியத்தான் கூடாதுன்னார். நேரா விழலாம்" என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் கற்றுக்கொடுத்தபடி தோளையும் இடுப்பையும் சேர்த்து ஒரே கட்டையாக உருண்டு, குப்புறப் படுத்து, கைகளைத் தலைக்கு மேல் நீட்டிக் கூப்பினேன். சுத்தமான நெடுஞ்சாண்கிடை.

மாமி பதறிப்போனாள். "ஐயையோ! பொம்மனாட்டி அப்படிச் சேவிக்கப்படாதுடி!"

"முதுகு வளையாம சேவிக்க இது ஒண்ணுதான் மாமி வழி. சேவிக்கணுமா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்கோ."

மாமா பாவம், கை தானாக உயர்ந்து "சீக்ரமேவ விவாஹ ப்ராப்திரஸ்து" என்று கல்யாண ஆசீர்வாதத்தை ஆரம்பித்துவிட்டார். "மாமா, வைவா ப்ராப்திரஸ்துன்னு மாத்திச் சொல்லுங்கோளேன்" என்றேன் தலையணைக்குள்ளிருந்து. மாமி அம்மா பக்கம் திரும்பினாள். "ஏன்டீ, முதுகுல பண்ணின ஆபரேஷனை அப்படியே வாயிலயும் பண்ணச் சொல்லியிருக்கப்படாதோ?"

மிளகாய்

தும்மக் கூடாது. தும்மினால் முதுகுக்குள் அழுத்தம் ஏறும், போட்ட தையலுக்கு ஆபத்து. வந்தே தீரும் என்றால் வாயைத் திறந்தபடி தும்ம வேண்டும். எங்கள் வீட்டில் மிளகாய் தாளிப்பது நின்றது. ஆனால் ஃப்ளாட்டில் மற்றவர்களும் சாப்பிடுகிறார்களே! அப்பா ஒவ்வொரு கதவாகத் தட்டி, ஜன்னலை மூடிக்கொண்டு தாளிக்கும்படி கைகூப்பிக் கேட்டுக்கொண்டு வந்தார். கீழ்வீட்டு அக்கா மறுபேச்சுப் பேசாமல் சரி என்றார். மறுநாள் படியில் என் அம்மாவை நிறுத்திக் கேட்டார். "ஏங்க, பொரியலுக்கு மட்டும்தானா, இல்ல எங்க வீட்டுச் சண்டையையும் கொஞ்சம் காரம் கம்மியாப் போடணுமா?"

கட்சி மாறிய வலி

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில், ஒரு மத்தியான நேரத்தில், மறுபடி தலைவலி. இந்தத் தடவை நெற்றியில், கண்ணுக்குப் பின்னால். படுத்திருக்கும்போது. எழுந்து உட்கார்ந்தால் குறைந்தது. மறுபடி படுத்தேன், ஏறியது. அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். "இத்தனை நாளா படுத்தாத்தான் சரியாறதுன்னு ஊரையெல்லாம் கூட்டிச் சொன்னோமேடி! இப்போ உக்காந்தாத்தான் சரியாறதுன்னு யார்கிட்டப் போய்ச் சொல்றது?" செல்வராஜ் அங்கிள் சொன்னதுதான் நடந்துவிட்டது, ஒட்டு விட்டுவிட்டது என்றே நானும் முடிவு கட்டிவிட்டேன். வைவா போச்சு, இன்னொரு ஆபரேஷன், இன்னொரு வருஷம். அம்மா பார்க்காத பக்கமாகத் திரும்பி அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

டாக்டர் ஃபோனில் சிரிக்காத குறையாக விளக்கினார். இத்தனை நாள் கசிவை ஈடுகட்ட உடம்பு நீரைக் கூடுதலாகச் சுரந்து பழகிவிட்டதாம். இப்போது கசிவு அடைபட்டது. சுரப்பு இன்னும் குறையவில்லை. நான் அம்மாவுக்கு நம்ம ஊர்க் கணக்கில் சொன்னேன்: மேட்டூரில் திறந்த தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது, ஆறு இரண்டாகப் பிரிகிற முக்கொம்பில் கொள்ளிடத்துப் பக்கம் ஷட்டரை இறக்கியாச்சு, அப்போது காவேரி கரை தொடத்தானே செய்யும்? ஒட்டு நிற்கிறது என்பதற்கு இதுதான் அத்தாட்சி. மாத்திரை கொடுத்தார்கள், அதனால் விரல் நுனியெல்லாம் மரத்துக் குறுகுறுத்தது, வலி மெல்ல வடிந்தது.

பாலக்கரையிலிருந்து என் தோழி நஸ்ரின் வந்திருந்தாள். என் நோட்ஸ், என் ஃபோட்டோகாப்பி, என் காதுகள், கால்கள் எல்லாம் அந்த மாதங்களில் அவள்தான். நோயாளிக்கு மணப்பாறை முறுக்கு வாங்கிக்கொண்டு வந்து, அதைத் தானே தின்றபடி, கதை முழுவதையும் கேட்டாள். "அடிப்பாவி, ஆறு மாசமா ஒரே இடத்துல நின்னு கோஷம் போட்ட வலி, நாம ஜெயிக்கப் போறோம்னு தெரிஞ்சதும் அந்தப் பக்கம் தாவிடுச்சா?"

அடுத்த வருஷம்

துறைத் தலைவி மேடம் அப்பாவுக்கே ஃபோன் பண்ணினார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். "பொண்ணு உடம்புதான் முக்கியம், அடுத்த வருஷம் வந்து வைவா கொடுக்கட்டும், நான் பார்த்துக்கறேன்" என்றார். அப்பா "ஆமாங்க மேடம், நானும் அதைத்தான் நினைச்சேன்" என்று வழுக்க ஆரம்பித்தார். நான் கட்டிலிலிருந்து குரல் கொடுத்தேன். "மேடம், டாக்டர் போகலாம்னு எழுதியே கொடுத்துட்டார். மாடிப்படி ஏறலாம், நிக்கலாம், உக்காரலாம். குனியத்தான் கூடாது. வைவாவில குனியற மாதிரி எந்தக் கேள்வியும் இல்லையே மேடம்?"

அப்பா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார், போதும் என்கிற அர்த்தத்தில். தலைவலியை நம்பாத மேடம் இப்போது ஆபரேஷனை நம்புகிறார், ஆனால் குணமானதை நம்ப மாட்டேன் என்கிறார். படுத்தபோது எழுந்திரு என்றார்கள். எழுந்தால் படு என்கிறார்கள். சக ஊழியர்களே, இதற்கு என்னதான் செய்வது? நான் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். மேடம் ஃபோனை வைப்பதற்கு முன் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "உன்னாலயே நிக்க முடியல, நீ நிக்கற பொண்ணுங்களைப் பத்திப் பேசி யாரை நம்ப வைக்கப் போற?"

செமினார் ஹால்

வைவாவில் தேறிவிட்டேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொல்ல வந்தது அது இல்லை. புடவைக்குள் பெல்ட், பையும் லேப்டாப்பும் நஸ்ரின் தோளில். கைப்பிடியைப் பிடித்து மாடி ஏறினேன். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளருக்கு மேடம் பொன்னாடை போர்த்தினார். என் முறை வந்தது. நஸ்ரின் திரைக்குப் பின்னால் புரொஜெக்டர் ஒயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நான் பென் டிரைவை எடுத்தேன். மாத்திரையால் மரத்த விரல், அது நழுவி, மேடத்தின் நாற்காலிக்கு முன்னால் போய் விழுந்தது.

நான் அதைப் பார்த்தேன். மேடம் என்னைப் பார்த்தார். தேர்வாளர் எங்கள் இருவரையும் பார்த்தார். குனிந்துவிடலாம், ஒரே ஒரு தடவைதானே என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. அத்தனை பேருக்கு முன்னால் சின்னப் பெண் நான் சும்மா நிற்பதும், பெரியவர் உட்கார்ந்திருப்பதும் எவ்வளவு அநாகரிகமாகத் தெரியும்! ஆனால் அந்த முதுகுக்குள் ஒரு தையல் இருக்கிறது. அதைக் காப்பாற்ற இத்தனை நாள் தும்மாமல் இருந்தவள் நான். "மேடம், நான் குனியக் கூடாது. நஸ்ரின் வந்து எடுத்துத் தருவா" என்றேன். "ஒரு பென் டிரைவை எடுக்கறதுக்கு ஆளா?" என்று சொல்லிக்கொண்டே மேடம் எழுந்து, முழங்காலை மடக்காமல், என் மேல் இருந்த கோபம் முழுவதையும் இடுப்பில் வைத்து, வெடுக்கென்று குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. "ஆ..." என்று மட்டும் கேட்டது.

அறையில் எல்லோரும் எழுந்து மேடத்தைச் சுற்றி நின்றார்கள். எனக்கு மட்டும் என்ன செய்வது என்று தெரிந்திருந்தது. இந்த உத்தியோகத்தில் எனக்குத்தான் அனுபவம் அதிகம். "மேடம், நிமிர முயற்சி பண்ணாதீங்க. நஸ்ரின், அந்தப் பக்கம் பிடிடி. முழங்காலை மடக்குங்க மேடம். இப்போ பெஞ்சுல பக்கவாட்டில சாயுங்க. தோளும் இடுப்பும் சேர்ந்து, ஒரே கட்டையா உருளணும்." துறையையே எழுந்து நிற்க வைக்கிற மேடம் நான் சொன்னபடி உருண்டு மல்லாந்தார். தேர்வாளர் தன் பொன்னாடையைக் கழற்றிச் சுருட்டி, மேடத்தின் முழங்காலுக்கு அடியில் வைத்தார். வலி இறங்குவது மேடத்தின் முகத்தில் தெரிந்தது. அது எப்படி இறங்கும் என்று எனக்குத் தெரியும். வைவாவை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று தேர்வாளர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பெஞ்சிலிருந்து குரல் வந்தது, கண்களை மூடியபடி. "வேண்டாம் சார், ரெண்டு நிமிஷம் படுத்தா சரியாயிடும். நீ ஆரம்பிம்மா, எனக்குக் காது நல்லாவே கேக்குது."

இந்த உத்தியோகத்தில் சம்பளமும் இல்லை, பதவி உயர்வும் இல்லை, ஆனால் நம்மை நம்பாதவர்களாகப் பார்த்து ஒவ்வொருவராக வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள் என்பது ஓர் ஆறுதல்.